பீர்க்கங்காய்க் கணக்கு

சாவி என்னிடம்தான் இருந்தது.
பதினொரு வருடம்.
பரீட்சைத்தாள் அலமாரிச் சாவியோடு
ஒரே வளையத்தில் தொங்கியது.
கணக்கு டீச்சரிடம் தோட்டத்துச் சாவி ஏன் என்று
யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டுக்கொண்டதில்லை.

திறந்தபோது தோட்டம் இல்லை.
கால் உடைந்த பெஞ்சு முப்பத்திரண்டு,
எண்ணிவிடுவது என் வியாதி.
விரிந்த வாஷ்பேசின் ஒன்று.
போன தேர்தலின் வாக்குச்சாவடிப் பலகை.
சுவர் தாண்டி விழுந்து திரும்பாத பந்துகள்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வகுப்பே அழுதிருக்கும்.

தன்னார்வலர்கள் வந்தார்கள்.
சனிக்கிழமைக்காரங்க என்று பிள்ளைகள் பெயர் வைத்தார்கள்.
ஒரே நிறச் சட்டையில் பதினாறு பேர்,
மண்வெட்டியோடு ஒரு குழுப்படம்.
அடுத்த சனி ஒன்பது.
மழை பிடித்த சனி இரண்டு:
வங்கி வேலையிலிருந்து பிரதன்யா,
மண்ணைத் தொட்டாலே தும்முகிற ஃபர்ஹாத்.
கழித்தல் எனக்குப் பழக்கம்.
மீதி நிற்பதுதான் விடை.

தாராவியில் தோண்டினால்
மண் உடனே வராது.
முதலில் தோல் துண்டு வரும்.
பிறகு பக்கிள், மிஷின் ஊசி,
நூல் சுற்றிய பொத்தான்,
மக்க மறுத்த பால் பாக்கெட்.
"இது எங்கப்பா வெட்டுனது"
என்றாள் ஏழாம் வகுப்பு ஸ்டெபினா,
பெல்ட் வாரின் மிச்சம் ஒன்றைத் துடைத்து.
எப்படித் தெரியும்?
"அவருக்கு இடது கை, டீச்சர்.
வெட்டு இப்படித்தான் சாயும்."
கூடையில் போடவில்லை. பையிலும் வைக்கவில்லை.
கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்,
பிறகு கரையில், நனையாத கல்லாகப் பார்த்து.

இடுப்பளவு போன பிறகு
கறுப்பாக, கழிமுக வாடையோடு,
மண் வந்தது.

கிச்சடி மிச்சமும் இலைச்சருகும் போட்டு மூடினோம்.
ஜூலைக் கடைசியில் ஒன்று நெளிந்தது.
கேஞ்சுவா என்றார் ஃபர்ஹாத்.
காண்டூள் என்றார் பிரதன்யா.
மண்புழு என்றது புத்தகம்.
நாக்குப்பூச்சி என்றான் இசக்கிராஜ்.
எந்தப் பெயருக்கும் நிற்காமல்
அது உள்ளே போய்விட்டது.

அதே வாரம்தான்
சுவரில் சிவப்புப் பெயின்டில் எண் போட்டுப் போனார்கள்.
214.
தெருவுக்கே போட்டார்கள்,
கோயிலுக்கும் கக்கூஸுக்கும் கூட.
பள்ளிக்கூடம் எங்கே போகும் என்று
தலைமையாசிரியைக்கும் தெரியவில்லை.
"அப்புறம் எதுக்கு நடுறோம்?"
ஃபர்ஹாத் இந்தியில் கேட்டார்,
தும்மலுக்கும் தும்மலுக்கும் நடுவில்.
பிரதன்யா விதைப் பொட்டலத்தின் பின்பக்கத்தை
வாசிப்பதுபோல் நின்றார்.

"பீர்க்கு எத்தனை நாளுல காய்க்கும், டீச்சர்?"
அறுபது, இசக்கி.
"அதுக்குள்ள இடிச்சிருவாங்களா?"
நான் ரேஷன் கார்டில் பெயர் திருத்த
நாலு வருடம் நடந்தவள்.
அரசாங்கம் பீர்க்கங்கொடியைவிட
மெதுவாத்தான் வளரும் என்றேன்.
சிரித்தார்கள். நட்டார்கள்.

கொடிக்கு எண் தெரியாது.
பெஞ்சுக்கால்களில் ஏறி
சுவருக்குத் தாவியது.
முதலில் நாலு மறைந்தது, பிறகு ஒன்று,
செப்டம்பரில்
மொத்தமும் மஞ்சள் பூ.

சர்வேக்காரர் திரும்ப வந்தார்.
தேடினார். நெற்றியைச் சொறிந்தார்.
பிறகு இலைகளை ஒவ்வொன்றாக
விரலால் ஒதுக்கினார்,
தூங்கும் குழந்தையின் முடியை ஒதுக்குவதுபோல.
இரண்டு, ஒன்று, நாலு,
நாலுக்குப் பக்கத்திலேயே நேராகத் தொங்கிய
முதல் பீர்க்கங்காய்.
அவர் கண்ணாடி பழசு.
2141 என்று எழுதிக்கொண்டதை
எட்டிப் பார்த்தேன்.
இருபத்தாறு வருடச் சிவப்புப் பேனா
என் பையில்தான் இருந்தது.
எடுக்கவில்லை.

காயை அன்றைக்கே பறித்தோம்.
கிச்சடி அண்டாவில் போட்டார்கள்.
முந்நூற்றுத் தொண்ணூறு தட்டு, ஒரு காய்.
என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு
ஸ்டெபினா சொன்னாள்:
"வகுக்காதீங்க டீச்சர், சாப்பிடுங்க."